எக்ஸ்ரே பார்த்துப் பழக வழி சொல்லுங்கள்

வணக்கம். நான் ஹவுஸ் சர்ஜன். போன வாரம் இரவு டியூட்டியில், மூச்சுத் திணறலோடு வந்த ஒரு பையனின் நெஞ்சு எக்ஸ்ரேயை நார்மல் என்று எழுதிவிட்டேன். அப்புறம் சீனியர் அக்கா வந்து, வலது காறை எலும்புக்கு மேலே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டினார். அதற்கு வெளியே ரத்தக்குழாய் நிழலே இல்லை. நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் காற்று புகுந்திருக்கிறது! பையன் நலமாக இருக்கிறான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே என்று தவறவிடும் இடங்கள் எல்லாம் மனப்பாடம். ஆனால் படத்தைப் பார்த்ததும் கண் நேராக இதயத்துக்குத்தான் போகிறது. நார்மல் படங்களை நிறையப் பார்க்காததுதான் குறை என்று நினைக்கிறேன்.

ரேடியாலஜி அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்: தினம் எத்தனை படம் பார்த்துப் பழகினீர்கள்? விடையோடு இருக்கும் நல்ல தொகுப்பு எது?