கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல மட்டும் நின்னுபோச்சு

தோல்கம்பெனி_சிஸ்டம்:

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு தோல் கம்பெனி. உபுண்டு 22.04 சர்வர், இந்திய நேரத்துல ஓடுது. "மீட்டர்"னு ஒரு யூசர் கணக்கு, ஏப்ரல் 6-ல பாஸ்வர்டோட உருவாக்கினது. அதோட கிரான்டேப்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டற கிரானுக்கான பட்டியல்) ரெண்டே வரி. 10 நிமிஷத்துக்கு ஒருக்கா ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஃப்ளோ மீட்டர் ரீடிங்கை டேட்டாபேஸ்ல போடறது ஒண்ணு. ராத்திரி 1.30-க்கு மைஎஸ்கியூஎல் டம்ப் (டேட்டாபேஸோட முழு நகல்) எடுத்து ஜிஜிப்ல சுருக்கி பேக்கப் வைக்கறது இன்னொண்ணு.

ஜூலை 6 காலை 5.20 ரீடிங்தான் கடைசி. பேக்கப் அதுக்கும் முன்னாடியே, 3-ஆம் தேதியில இருந்தே வரலை. 2-ஆம் தேதி சாயங்காலம் ஃபைல் பேர்ல தேதி வர்ற மாதிரி அந்த வரியை மாத்தினேன், வேற எதையும் தொடலை. ரூட் கிரான்டேப் வேலையெல்லாம் ஒழுங்கா நடக்குது. டிஸ்க்கும் ஐநோடும் (ஃபைல் எண்ணிக்கைக்கான இடம்) பாதிக்கு மேல காலி. சூடோ -யு மீட்டர்னு (மீட்டர் யூசர் பேர்ல ஓட்டற கமாண்ட்) போட்டு கையால ஓட்டினா ரீடிங் ஸ்கிரிப்ட் ஓடுது. ரீபூட் பண்ணியும் அப்படியேதான்.

காட்பாடி_ஜங்ஷன்:

இது ஒரு கோளாறு இல்ல சார், ரெண்டு.

முதல்ல ரீடிங். 5.20 ஓடியிருக்கு, 5.30 ஓடலை. நம்ம 5.30 காலைன்னா யூடிசி-யில (உலகப் பொது நேரம்) நள்ளிரவு 12. லினக்ஸ் பாஸ்வர்டு வயசை யூடிசி நாள் கணக்குலதான் எண்ணும். உங்க சர்வர்ல பாஸ்வர்டு ஆயுளை 90 நாள்னு வச்சிருப்பாங்க, ஏப்ரல் 6-ல இருந்து 90 நாள் ஜூலை 5. 91-ஆவது நாள் பிறந்த அந்த நொடியே பாஸ்வர்டு காலாவதி. /வார்/லாக்/ஆத்.லாக் ஃபைல்ல கிரான் வரிகளைத் தேடுங்க. "எக்ஸ்பயர்டு பாஸ்வர்டு ஃபார் யூசர் மீட்டர்"னு 10 நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கும்.

கிரான் ஒவ்வொரு வேலையையும் தொடங்கறதுக்கு முன்னாடி அந்த யூசர் கணக்கு செல்லுமான்னு பாம் (லினக்ஸ்ல கணக்கைச் சோதிக்கற பகுதி) கிட்ட கேக்கும். காலாவதின்னு பதில் வந்தா சத்தமில்லாம விட்டுடும். நீங்க சூடோ போடும்போது சோதிக்கப்படறது உங்க கணக்கு, மீட்டர் கணக்கு இல்ல. அதான் கையால ஓடுது. ரீபூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

சேஜ் -எல் மீட்டர்னு போட்டா காலாவதி தேதி தெரியும். ரூட்டா இருந்து சேஜ் கமாண்டுக்கு பெரிய எம் ஆப்ஷன், அதுக்கு -1 மதிப்பு (காலாவதியே வேண்டாம்னு அர்த்தம்), அப்புறம் யூசர் பேர். அவ்வளவுதான், கிரானை ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம், அடுத்த 10 நிமிஷத்துல ஓடும். இனிமே இந்த மாதிரி கணக்கை யூசர்ஆட் -ஆர்-னு சிஸ்டம் கணக்கா உருவாக்குங்க, அதுக்கு வயசுக் கணக்கே எழுதப்படாது. லாகின்.டெஃப்ஸ் ஃபைல்ல 90-ஐ மாத்தி இப்போ பிரயோஜனமில்ல. அது புதுசா உருவாக்கற கணக்குக்குத்தான்.

இலவம்பாடி_முள்கத்திரி:

பேக்கப் வரியில தேதிக்காக % போட்டிருப்பீங்க, சரியா? கிரான்டேப்ல % வந்தா அதோட கமாண்ட் முடிஞ்சுது. மிச்சத்தை அந்தக் கமாண்டுக்கு உள்ளீடா அனுப்பும். /வார்/லாக்/சிஸ்லாக்ல அந்த 1.30 வரியைப் பாருங்க, 'டேட் +' வரைக்கும் வந்து பாதியில அறுந்து நிக்கும். ஷெல்லுக்கு (கமாண்டை ஓட்டற நிரல்) மூடாத அடைப்புக்குறி போகுது, சின்டாக்ஸ் எரர். கடைசியில பிழையை லாக் ஃபைலுக்குத் திருப்பி விட்டிருந்தாலும் அதுவும் %-க்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. மெயில் சர்வர் போடலைன்னா "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்"னு ஒரு வரி எழுதிட்டு கிரான் அந்தப் பிழையையும் குப்பையில போட்டுடும்.

% முன்னாடி \ போடலாம். ஆனா மொத்தத்தையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ள தள்ளறதுதான் நல்லது, அங்கே %-க்கு \ தேவையில்ல. திருத்தும்போது கிரான்டேப் -இ போடறதுக்கு பதிலா பக்கத்து விசை -ஆர் பட்டா மொத்த கிரான்டேப்பும் கேள்வி கேக்காம அழிஞ்சிடும். முதல்ல கிரான்டேப் -எல் போட்டு ஒரு நகல் எடுத்து வைங்க.

தோல்கம்பெனி_சிஸ்டம்:

ஆத்.லாக்ல சொன்ன வரி அப்படியே இருந்தது. சேஜ் போட்டதும் ரீடிங் வந்துடுச்சு. பேக்கப்பை ஸ்கிரிப்டா மாத்தினேன். ராத்திரி ஃபைல் வந்திருக்கு, ஆனா அளவு வெறும் 20 பைட். அதே ஸ்கிரிப்டை சூடோவில ஓட்டினா முழுசா வருது.

காட்பாடி_ஜங்ஷன்:

20 பைட்னா ஒண்ணுமே இல்லாததை ஜிஜிப் சுருக்கிக் கொடுத்த அளவு. ஜிஜிப் -டி வச்சு சோதிச்சாலும் "நல்ல ஃபைல்"னுதான் சொல்லும், ஏமாந்துடாதீங்க. உங்க மைஎஸ்கியூஎல்டம்ப் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் உள்ள இருக்கா? சூடோ அந்த இடத்துலயும் தேடும். கிரான் கமாண்டைத் தேடற பாதையில /யூஎஸ்ஆர்/பின், /பின் ரெண்டு மட்டும்தான். பழைய வரியில முழுப்பாதை இருந்திருக்கும், ஸ்கிரிப்டுல வெறும் பேரை எழுதியிருப்பீங்க.

முழுப்பாதை போடுங்க. முதல் வரி #! போட்டு /பின்/பாஷ் ஆக இருக்கட்டும், ரெண்டாவது வரி செட் -ஓ பைப்ஃபெயில். இல்லன்னா டம்ப் தோத்தாலும் ஜிஜிப் ஜெயிச்சதை வச்சு ஸ்கிரிப்ட் வெற்றின்னு சொல்லும். உபுண்டு 22.04-ல /பின்/எஸ்எச் உண்மையில டாஷ்ங்கற வேற ஷெல், அதுக்கு பைப்ஃபெயில் தெரியாது. டம்ப் முழுசான்னு பார்க்க ஜிகேட், டெயில் போட்டு கடைசி வரி "டம்ப் கம்ப்ளீட்டட்"னு முடியுதான்னு பாருங்க.

இலவம்பாடி_முள்கத்திரி:

இன்னொண்ணு. 1.30-க்கு கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் படுத்துட்டா கிரான் அந்த ஓட்டத்தைத் திரும்ப எடுக்காது. பேக்கப்பை மட்டும் சிஸ்டம்டி டைமர்ல (கிரான் மாதிரியே நேரத்துக்கு ஓட்டற இன்னொரு ஏற்பாடு) போட்டு பெர்சிஸ்டன்ட்டை ட்ரூ ஆக்கினா மெஷின் எழுந்ததும் விட்டதை ஓட்டும். சர்வீஸ் ஃபைல்ல யூசர் பேர் மட்டும் போட்டா பாம் குறுக்கே வராது, பாஸ்வர்டு காலாவதியும் தொடாது.

நின்னா தெரியறதுக்கு: ஃபைண்ட் -எம்மின் வச்சு 1560 நிமிஷத்துக்குள்ள, அதாவது 26 மணி நேரத்துக்குள்ள, புது பேக்கப் ஃபைல் இருக்கா, 1 எம்பிக்கு மேல இருக்கான்னு பாருங்க. அந்தச் சோதனையை அதே சர்வர்ல, அதே மீட்டர் கணக்குல வைக்காதீங்க. ஆபீஸ்ல இருக்கற வேற ஒரு மெஷின்ல வைங்க.

தோல்கம்பெனி_சிஸ்டம்:

ஆமா, /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் தான். முழுப்பாதை போட்டாச்சு, பைப்ஃபெயிலும் சேர்த்தாச்சு. 214 எம்பி, கடைசி வரி சரியா இருக்கு. டைமரை ஞாயித்துக்கிழமை மாத்தறேன்.