குழுவாகப் பறக்க எந்த ஊர்? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

சுபாங் பறவை
சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டும் நம் ஆட்களின் அடுத்த குழுப் பயணத்துக்கு வழக்கம்போல தியோமான், ஈப்போ, லங்காவி என்று பேச்சு ஓடுகிறது. பெரும்பாலானவர்கள் தியோமானுக்குத்தான் கை தூக்குகிறார்கள். அங்கே போனவர்களுக்கு அந்த ஓடுதளத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நீளம் ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முனையில் மலை நிற்பதால் இறங்குவதும் ஏறுவதும் கடல் பக்கமாகத்தான்.

போன முறை நான் ஓட்டுபவருக்குப் பக்கத்தில், வலது இருக்கையில் இருந்தேன். எங்களுக்கு முன்னால் போன செஸ்னா சிறு விமானம் கொஞ்சம் உயரமாகவே வந்தது. இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தோம். திடீரென்று ரேடியோவில், "நான் இறங்காமல் சுற்றி வருகிறேன்." குரலில் பதற்றமே இல்லை. ஆனால் இறக்கை சாய்ந்து அவர் திரும்பியபோது, விமானத்தின் நிழல் மலைச்சரிவின் மரங்கள் மேல் ஏறியது. ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரியும் தூரம் அது.

அவர் பத்திரமாகத் திரும்பி வந்து இறங்கினார். மதியம் மீன் சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் கடலின் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். அந்த நிழலைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. இப்போது அதே ஊருக்கு மறுபடியும் கை தூக்குகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

கிந்தாகாரன்
ஈப்போவைச் சொல்லுங்கள் அண்ணே. சுபாங்கிலிருந்து ஒரு மணி நேரம், 2,000 மீட்டர் ஓடுதளம், இறங்கினால் வெள்ளைக் காப்பி. எல்லோருக்கும் ஏற்ற ஊர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு செப்டம்பரில் எங்கள் குழு போனது. சுமத்ரா புகை லேசாக இருந்தது, பார்வைத் தூரம் விதிக்குள்தான். முன்னால் போன நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம். கடைசியாக வந்தது புதிதாக லைசென்ஸ் எடுத்த ஒரு பெண்.

அவள் கொஞ்சம் கிழக்கே ஒதுங்கிவிட்டாள். அந்தப் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் குன்றுகள். புகைக்குள்ளிருந்து ஒரு குன்றின் வெள்ளைப் பக்கம் நேர் எதிரே வந்து நின்றது என்று பிறகு சொன்னாள். உடனே மேற்கே திரும்பி, நெடுஞ்சாலையைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே வந்து அழகாக இறங்கினாள். நாங்கள் கைதட்டினோம். அவள் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம்.

அதற்குப் பிறகு அவள் குழுப் பயணத்துக்கு வரவே இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

கிள்ளான் அண்ணாச்சி
சுபாங் தம்பி, தியோமானைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னவர் செய்தது சரியான காரியம். உயரமாக வந்தால் சுற்றித்தான் வர வேண்டும். ஊரில் தப்பில்லை. அந்த ஊருக்குத் தயாராகாமல் போவதுதான் தப்பு.

என் அனுபவம் சின்னது. ஒரு தீவில் இறங்கி எண்ணெய்க்குச் சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனேன். திரும்பி வந்தால், ஒரு பையன் ஏணி போட்டு ஏறி, இறக்கையின் மூடியைத் திறந்து, ஜெட் எண்ணெய்க் குழாயைக் கையில் பிடித்து நிற்கிறான். இன்னும் ஊற்றவில்லை. கத்தினேன். அவனை ஏசி என்ன பயன்? அந்த லாரியில் இருந்ததே அதுதான். நம் சிறு விமானங்களுக்கு வேண்டியது அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல், நீல நிறம். ஜெட் எண்ணெய்க்கு நிறம் கிடையாது. கலந்துவிட்டால் ஏறும்போது இன்ஜின் நின்றுபோகும்.

எனவே ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அங்கே அவ்கேஸ் உண்டா என்பதுதான். இல்லையென்றால் திரும்பும் எண்ணெயையும் சுமந்து போக வேண்டும். சுபாங்கிலிருந்து தியோமான் ஏறக்குறைய 155 கடல் மைல். செஸ்னா 172-இல் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, கைவசம் மிச்சம் வேறு. டேங்கை நிரப்பினால் எண்ணெய் மட்டும் 144 கிலோ. மொத்த எடை 1,157 கிலோவைத் தாண்டக்கூடாது. விமானத்தின் சொந்த எடையையும் கழித்துக் கணக்குப் போட்டால் ஆட்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 250 கிலோ. நான்கு பெரியவர்கள் ஏற முடியாது. அப்படியிருக்க "குடும்பத்தோடு வாங்க" என்று அழைப்பு அனுப்புகிறோம்.

அடுத்தது நேரம். மேற்குக் கரைக்காரர்கள் விடியலிலேயே கிளம்பலாம் என்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையில் இரவில் கிளம்பும் சுமத்ரா சூறை விடியற்காலையில்தான் கரைக்கு வரும். அது கடந்த பிறகு புறப்பட்டால், மதியம் மலைமேல் இடிமேகம் கட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இடையில் கிடைப்பது சில மணி நேரம்தான். நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையை நினைக்கவே வேண்டாம். கண்ணால் பார்த்தே ஓட்டும் நமக்கு இருட்டினால் வானம் கிடையாது, ஆகவே திரும்பும் நேரத்தையும் இப்போதே எழுதி வையுங்கள். பங்கோருக்குப் போகலாம் என்று யாராவது ஆரம்பித்தால், அங்கே ஓடுதளம் 730 மீட்டர்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர்மலை
அண்ணாச்சி, எல்லாம் சரி, ஆனால் இங்கே யாரும் பாடம் கேட்கவில்லை. தயாராகிப் போனால் எந்த ஊரும் சரி என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒருவர் தயாராகலாம். பத்து விமானம் சேர்ந்து எப்படித் தயாராகும்?

நான் பினாங்குக்காரன். எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று பெருமையாகக் கூப்பிட்டவனும் நான்தான். பாயான் லெப்பாஸில், எங்கள் விமான நிலையத்தில், ஓடுதளம் மூன்று கிலோமீட்டருக்கு மேல், மலை பயம் இல்லை. ஆனால் அன்று பயணிகள் விமானங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஏர்பஸ்ஸுக்கும் பின்னால் சின்ன விமானம் மூன்று நிமிடம் தள்ளித்தான் வர வேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில் வட்டமடிக்கச் சொன்னார்கள். சுற்றிக்கொண்டே இருந்தோம். பின் இருக்கையில் என் மகன் முதலில் பாலத்தில் போகும் லாரிகளை எண்ணினான். அப்புறம் எண்ணுவதை நிறுத்திவிட்டு வாந்தி எடுக்கப் பையைக் கேட்டான்.

அப்போது கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு குரல், ரொம்ப மரியாதையாக, "இன்னும் எத்தனை பேர் பின்னால் வருகிறீர்கள்?" ரேடியோவில் யாரும் பதில் சொல்லவில்லை. எங்களில் யாருக்கும் தெரியாது. அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது. ஊர் எதுவாகவும் இருக்கட்டும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆளை வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நீலாய் தங்கச்சி
கிந்தாகாரன் அண்ணன் சொன்ன பெண் நான் இல்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வாட்சாப் குழுவிலும் ஒருமுறை தியோமானுக்குத்தான் வாக்கு. கட்டைவிரல் படங்கள் வரிசையாக விழுந்தன. நான் லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, மலைத்தொடரைத் தாண்டிப் போனதே இல்லை. நேராகப் போனால் ஹுலு லங்காட் பக்கம் நூவாங் மலை, 1,493 மீட்டர், மதியமானால் மேகத்துக்குள் போய்விடும். நானும் கட்டைவிரலைப் போட்டுவிட்டேன். எல்லோரும் போட்டிருக்கும்போது நான் மட்டும் எப்படி?

அன்று ராத்திரி குழுவில் மூத்தவர் ஒருவர் போன் பண்ணினார். "தங்கச்சி, நீ இதுவரைக்கும் கரையோரமாத்தானே ஓட்டியிருக்கே?" அவ்வளவுதான் கேட்டார். ஆமா என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் குழுவில் "இந்த முறை மலாக்கா, பத்து பெரண்டாம் விமான நிலையம்" என்று அறிவிப்பு வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. என் பெயரும் வரவில்லை.

சிலருக்கு வருத்தம். "மலாக்காவுக்குக் காரிலேயே போகலாமே" என்று ஒருவர் எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்கு முகம் சுட்டது. ஆனால் அந்தப் பயணத்தில் நான்தான் முதலில் இறங்கினேன், பின்னால் வந்தவர்களுக்கு டாக்ஸியிங் வழியை, அதாவது தரையில் எப்படி ஓட்டிப்போவது என்பதை, சொன்னதும் நான்தான். அடுத்த மாதமே அந்த மூத்தவர் பக்கத்தில் உட்கார, நான் ஓட்ட, மலையைத் தாண்டிக் குவாந்தான் வரை போய் வந்தோம்.

சுபாங் அண்ணே, உங்கள் குழுவில் கடைசியாக லைசென்ஸ் எடுத்தவர் யார்? வாக்கெடுப்புக்கு முன்னால் அவருக்கு யாராவது போன் பண்ணினீர்களா?

சுபாங் பறவை
இல்லை தங்கச்சி. இன்றைக்கு ராத்திரியே பண்ணுகிறேன்.