பீச் ஸ்திரீட் பழைய அலுவலகக் கட்டடம்: 24 அறை ஹோட்டல் வருமா?

வரைபலகை

வணக்கம். மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டில், பாரம்பரிய மைய வட்டாரத்துக்குள், பாரம்பரியக் கட்டடங்களின் இரண்டாம் வகைப் பட்டியலில் உள்ள அலுவலகக் கட்டடம் ஒன்று. 1920-களின் கடைசியில் கட்டியது. கீழ்த்தளம், மேலே இரண்டு தளம். முகப்பு 14 மீட்டர், ஆழம் 36 மீட்டர். இரண்டு பக்கமும் அண்டைக் கட்டடத்தோடு பொதுச் சுவர், பின்னால் சந்து. சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல், தடிமன் 340 மில்லி. மேல் தளங்கள் பலகைத் தரை. அடியில் 225 மில்லி உயர மரச்சட்டங்கள் 400 மில்லிக்கு ஒன்று, இரும்பு பீம்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் வெளிச்சமும் காற்றும் வர விட்ட 3 × 4 மீட்டர் ஏர்வெல்; மேலே பாலிகார்பனேட் போட்டு மூடிவிட்டார்கள். பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் மரத்தரைக்குப் பதில் கான்கிரீட் தரை இருக்கிறது. முகப்பு ஷாங்ஹாய் பூச்சு, மேல் தளம் ஒவ்வொன்றிலும் 9 ஜன்னல்.

உரிமையாளர் தளத்துக்கு 12 என்று 24 அறை கேட்கிறார். கீழே வரவேற்பும் காப்பிக் கடையும். லிஃப்ட் வேண்டும். பரப்பளவைப் பார்த்தால் 24 அடங்குகிறது. ஆனால் மரத்தரையில் குளியலறை எப்படி? லிஃப்ட் குழி தோண்டலாமா? கீழ்த்தளச் சுவரில் ஒரு மீட்டர் உயரம் வரை பூச்சு உதிர்கிறது. கொத்திவிட்டு நீர்த்தடுப்பு சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கட்டுமானக் குத்தகையாளர். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தடி நடை

தம்பி, பரப்பளவை வைத்து அறை எண்ணாதீர்கள். ஜன்னலை எண்ணுங்கள்.

கட்டட துணைச் சட்டம், அதாவது யூபிபிஎல் 1984, பிரிவு 39 படி அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது ஜன்னல் வேண்டும். இரண்டு பக்கமும் பொதுச் சுவர் என்பதால் உங்களுக்கு வெளிச்சம் வரும் வழி மூன்றுதான்: தெரு, சந்து, ஏர்வெல். முகப்பில் 9 ஜன்னல் என்றால் மூன்று மூன்றாகப் பிரித்து 3 அறை. ஒரே அகலத்தில் நான்கு அறை எடுக்கப் பார்த்தால் தடுப்புச் சுவர் ஏதாவது ஒரு ஜன்னலின் நடுவில் வந்து முட்டும்; அது தெருவிலிருந்தே தெரியும், பாரம்பரியக் கட்டட வேலைகளைப் பார்க்கும் மறுஆய்வுக் குழுவும் ஏற்காது. தடுப்பு எப்போதும் இரண்டு ஜன்னலுக்கு நடுவிலுள்ள தூணில் வந்து சேர வேண்டும். பின்னால் 3. ஏர்வெல்லைப் பார்த்து 2. ஆக தளத்துக்கு 8, மொத்தம் 16.

ஏர்வெல் விதி பிரிவு 40-ல் இருக்கிறது. நான்கு மாடி வரையிலான கட்டடத்துக்குக் குறைந்தது 9 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. உங்களுடையது 12, தாங்கும். ஆனால் அந்த பாலிகார்பனேட்டைக் கழற்றியாக வேண்டும். மூடிய ஏர்வெல் ஏர்வெல்லாகக் கணக்கில் வராது.

பின்பக்கக் கான்கிரீட் தரை பற்றிச் சொன்னீர்களே, அதுதான் உங்கள் புதையல். மரத்தரைக் கட்டடத்தில் தனியாக ஒரு கட்டம் மட்டும் கான்கிரீட் என்றால், பெரும்பாலும் அங்கே இருந்த இரண்டாவது ஏர்வெல்லைப் பிறகு யாரோ அடைத்திருக்கிறார்கள். அந்தத் தரையின் ஓரத்தில் பூச்சைச் சுரண்டிப் பாருங்கள்; வெளிச்சுவர்ப் பூச்சோ அடைத்த ஜன்னல் சட்டமோ கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது. மாநகர் மன்றத்தில் பழைய கட்டட வரைபடம் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். பிற்காலச் சேர்க்கை என்று நிரூபித்தால் அதை எடுத்துவிட்டு ஏர்வெல்லை மீட்பது குழுவுக்குப் பிடித்த வேலை. தளத்துக்கு ஒன்றிரண்டு அறை கூடும். 18 வரும், நன்றாக வந்தால் 20. 24 வராது. உரிமையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஏனென்றால் அவருடைய வங்கிக் கடன் கணக்கெல்லாம் அந்த 24-ஐ வைத்துத்தான் ஓடும்.

அனுமதி வரிசை: முதலில் அளவெடுத்த வரைபடம், சேத ஆய்வறிக்கை, பாரம்பரியத் தாக்க மதிப்பீடு. இவற்றோடு மன்றத்தின் பாரம்பரியப் பிரிவில் முன்னாலோசனை. பிறகு தொழில்நுட்ப மறுஆய்வுக் குழு. அதன் பிறகுதான் ஓஎஸ்சி என்ற ஒருமுனை விண்ணப்ப மையம் வழியாகத் திட்ட அனுமதி. அலுவலகத்தை ஹோட்டலாக்குவது பயன்பாட்டு மாற்றம், 1976 சட்டம் 172-ன் கீழ் அதற்குத் திட்ட அனுமதி கட்டாயம். அடுத்து கட்டட வரைபடம், பொம்பா என்ற தீயணைப்புத் துறை, கழிவுநீர், குடிநீர் என ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல். முடிவில் உங்கள் கட்டடக் கலைஞர் படிவம் எஃப், அதாவது வேலை முடிந்தது, பயன்படுத்தலாம் என்ற சான்றிதழ், தருவார். அதோடு முடியவில்லை: பொம்பா கேட்டால் ஹோட்டலுக்குத் தீப் பாதுகாப்புச் சான்றிதழ், மன்றத்தின் ஹோட்டல் உரிமம், சுற்றுலா அமைச்சில் பதிவு, வெளிநாட்டு விருந்தினருக்கு அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வசூலிக்கச் சுங்கத்துறைப் பதிவு. முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையைக் காப்பிக் கடை மேசை போட்டு அடைக்கும் எண்ணம் இருந்தால் வரைபடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். அது பொதுமக்கள் நடக்கும் வழி.

சட்டமும் பீமும்

ஐந்தடி அண்ணா சொன்னதற்கு மேல் கட்டமைப்புப் பக்கம்.

பலரும் பயப்படுவது தரை தாங்குமா என்று. மக்கள் பாரத்தைப் பொறுத்தவரை ஹோட்டல் அறை அலுவலகத்தைவிட இலகு: அலுவலகத்துக்கு சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், ஹோட்டல் படுக்கையறைக்கு 2.0. ஆபத்து நாம் புதிதாக ஏற்றும் நிலைப்பாரத்தில்தான். வழக்கமான குளியலறைபோல் 50 மில்லி சிமெண்ட் தளம் போட்டால் அதுவே சதுர மீட்டருக்கு 120 கிலோ. ஓடும் பசையும் சேர்ந்து 145-ஐத் தொடும். அறைக்கு அறை அரைச் செங்கல் சுவர் எழுப்பினால், 4 மீட்டர் உயரத்தில் ஓடும் மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல். மரச்சட்டம் தொய்யும், ஓடு விரியும், தண்ணீர் கீழே இறங்கும். அதனால் தடுப்புகள் எல்லாம் உலோகச் சட்டமும் பலகையும். குளியலறைத் தரை 18 மில்லி சிமெண்ட் பலகை, அதன் மேல் நீர்த்தடுப்பு விரிப்பு, மெல்லிய பசையில் ஓடு. 55 கிலோவில் முடியும்.

அடுத்தது குழாய். இங்குதான் வேலை கெடும். மரச்சட்டத்தில் துளை போட்டால் அதன் விட்டம் சட்ட உயரத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது, நடு உயரத்தில்தான் போட வேண்டும். 225-ல் கால் பங்கு 56 மில்லி. கழிப்பறைக் குழாய் 110 மில்லி. ஆக, சட்டத்தைக் குறுக்கே கடந்து கழிப்பறைக் குழாய் போகவே முடியாது. சட்டம் ஓடும் திசையிலேயே, இரண்டு சட்டத்துக்கு நடுவிலுள்ள 350 மில்லி இடைவெளியில் போகலாம். 40-க்கு 1 சரிவு வைத்தால் 3 மீட்டருக்கு 75 மில்லி இறக்கம்; குழாய் 110, சரிவு 75, மொத்தம் 185. 225-க்குள் அடங்குகிறது. 4 மீட்டரைத் தாண்டினால் வளைவு இணைப்புகளுக்கு இடமில்லாமல் கூரைப் பலகையில் இடிக்கும். எனவே ஒவ்வொரு கழிப்பறையும் செங்குத்துக் குழாயிலிருந்து 3 மீட்டருக்குள், சட்டம் ஓடும் திசையில். இரண்டு அறைக் குளியலறைகள் முதுகோடு முதுகு ஒட்டி, செங்குத்துக் குழாய்கள் இறங்கும் ஒரே இடைவெளியை (குழாய்ச் சந்து) பகிர வேண்டும், மேல் தளமும் கீழ்த் தளமும் ஒன்றன் மேல் ஒன்றாக. இந்தச் சந்துகளை முதலில் குறித்துவிட்டு அதைச் சுற்றி அறையை வரையுங்கள். குழாய் வைக்கும் ஆள் வேலையிடத்தில் வாளை எடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள், ஆகவே வரைபடத்திலேயே தடுத்துவிட வேண்டும்.

ஓடு பதிக்கும் முன் வடிகாலை அடைத்து 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் வையுங்கள். கீழே நின்று பலகையைத் தொட்டுப் பார்க்க ஒருவர்.

தண்ணீர்த் தொட்டியைக் கூரையில் ஏற்ற வேண்டாம். 18 அறை, அறைக்கு இருவர், ஆளுக்கு 200 லிட்டர் என்றாலே 7,200 லிட்டர், அதாவது ஏழு டன்னுக்கு மேல். கீழ்த்தளத்தில் வைத்து அழுத்த பம்பு போடுங்கள்.

லிஃப்ட். சாதாரண இயந்திர அறையில்லா லிஃப்டுக்குக் குழி 1.4 மீட்டரைச் சுற்றி வேண்டும். பீச் ஸ்திரீட் ஒரு காலத்தில் கரையோரம். கடல் பக்கம் வெல்ட் கீ வரை உள்ளதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மண் கொட்டி எடுத்த நிலம். தோண்டினால் தண்ணீர் வரும். வந்த தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே வேலை செய்வதுதான் பெரிய தவறு. நிலத்தடி நீர் இறங்கினால் அண்டைக் கட்டடமும் சேர்ந்து இறங்கும். அதன் அடியில் அத்திவாரமாக இறக்கிய பாக்காவ் (சதுப்புநில மரம்) முளைகள் இருந்தால், நீரில் மூழ்கியிருக்கும்வரை கெடாதவை காற்றுப் பட்டதும் அழுகத் தொடங்கும். ஆழம் குறைந்த குழியுள்ள லிஃப்ட் வகையைத் தேடுங்கள். முளை தேவைப்பட்டால் அடித்து இறக்காமல் துளையிட்டு இறக்கும் மைக்ரோபைல். வேலை தொடங்கும் முன் இரு பக்கத்துக் கட்டடங்களின் ஒவ்வொரு விரிசலையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உரிமையாளர்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

வரைபலகை

நன்றி அண்ணா, இருவருக்கும். முகப்புப் பக்கம் பழைய மரப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது, திறந்த படிக்கட்டு, கைப்பிடி எல்லாம் அழகாக இருக்கிறது. பொம்பா அதை விடுமா?

எச்சரிக்கை மணி

படிக்கட்டை வைத்துக்கொள்ளலாம், தப்பிக்கும் வழியாகக் கணக்கில் சேர்க்க முடியாது. யூபிபிஎல் பிரிவு 166 ஒவ்வொரு தளத்திலிருந்தும் இரண்டு தனித்தனி வெளியேறும் வழி கேட்கிறது. திறந்த படிக்கட்டு தீயில் புகைபோக்கியாகிவிடும். ஆகவே பின்பக்கம் ஒன்று, லிஃப்டை ஒட்டி ஒன்று என்று சுவரால் மூடிய இரண்டு படிக்கட்டுக்கு இடம் ஒதுக்குங்கள். இதிலும் அறை ஒன்றிரண்டு போகும். பழைய படிக்கட்டு மூடப்படாமல் நிற்பதற்கு ஈடாக ஸ்பிரிங்க்ளரும் ஒவ்வோர் அறையிலும் எந்த அறை என்று காட்டும் முகவரியிட்ட புகை உணரியும் வைத்து, தீயியல் பொறியாளரின் அறிக்கையோடு வரைபட நிலையிலேயே பொம்பாவைப் பாருங்கள். கட்டிய பிறகு விலக்கு கேட்கப் போனால் நடக்காது.

நடக்கும் தூரத்தை ஏழாம் அட்டவணையில் ஹோட்டல் வரிசையில் பாருங்கள், அலுவலக வரிசையில் அல்ல. தூங்குகிறவர் எழுந்து வழி கண்டுபிடிக்க நேரமாகும் என்பதால் ஹோட்டலுக்கு அளவு குறைவு.

மரத்தரையை அடியிலிருந்து காப்பாற்ற வேண்டும்: சட்டங்களுக்கு நடுவே பாறைப்பஞ்சு, அடியில் 15 மில்லி தீத்தடுப்பு ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, மூட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வராதபடி. சதுர மீட்டருக்கு 25 கிலோ கூடும், சட்டமும் பீமும் சார் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். இரும்பு பீம்களுக்குச் சூட்டில் பொங்கும் பூச்சு. அறைக் கதவு அரை மணி, படிக்கட்டுக் கதவு ஒரு மணி தீயைத் தாங்க வேண்டும், எல்லாவற்றிலும் தானே மூடும் கருவி. கவனிக்காமல் விடுவது குழாய்ச் சந்துதான்: தளத்தைத் துளைக்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் குழாயிலும், சூட்டில் விரிந்து துளையை அடைக்கும் தீ வளையம் இல்லையென்றால், மேலே செய்த பலகை வேலை அத்தனையும் வீண்.

சுண்ணாம்புக்கை

குத்தகையாளர் சொன்ன நீர்த்தடுப்பு சிமெண்ட் பூச்சை எந்தக் காரணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிறது. சிமெண்டால் அடைத்தால் ஈரம் நின்றுவிடாது, இன்னும் மேலே ஏறும். ஒரு மீட்டரில் உதிர்வது இரண்டு மீட்டரில் உதிரும், சில வேளை மரச்சட்டத்தின் முனை சுவருக்குள் இருக்கும் உயரம் வரை போகும். அங்கே அழுகல், பிறகு கறையான்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரையிலிருந்து 300 மில்லிக்கு ஒன்றாகச் சுவருக்குள் துளையிட்டு, தூளை எடுத்து ஈரமும் உப்பும் சோதியுங்கள். கீழே அதிகம், மேலே போகப் போகக் குறைவு என்றால் நிலத்து ஈரம். நடுவில் திடீரென்று ஏறினால் உடைந்த மழைக் குழாய். கட்டடம் இடையில் கூட்டுக்காகக் குருவி வளர்க்கப் பயன்பட்டதா என்றும் விசாரியுங்கள். அப்படியானால் எச்சத்தின் நைட்ரேட் உப்பு மேல் தளச் சுவரிலும் இருக்கும்.

பூச்சைக் கொத்திவிட்டுச் சுவரைத் திறந்து விடுங்கள். தாள்கூழைத் தண்ணீரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்தால் உப்பு அதோடு வரும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். செங்கல் சுவர் மாதத்துக்கு 25 மில்லி உலரும் என்பது கைக்கணக்கு. 340 மில்லிச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் ஏறக்குறைய ஏழு மாதம். அதனால் இந்த வேலை அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்திலேயே, மன்றத்திடம் கேட்டுக்கொண்டு, தொடங்க வேண்டும். பிறகு மூன்று மாதமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. ஒரு கோட்டு 10 மில்லிக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் நாளுக்கு மூன்று நான்கு தடவை தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், அக்ரிலிக் பெயிண்ட் கூடாது.

முகப்பு ஷாங்ஹாய் பூச்சுக்கு பெயிண்டும் மணல் வீச்சும் வேண்டவே வேண்டாம். கிட்டப் போய்ப் பாருங்கள்: சிமெண்டுக்குள் கருங்கல் குருணை பொதிந்து, மேல்தோல் இறுகும் முன் தூரிகையால் கழுவிக் கல்லை வெளிக்காட்டியிருப்பார்கள். மணல் வீசினால் குருணை கழன்று குழி விழும். மென்மையான தூரிகை, குறைந்த அழுத்தத் தண்ணீர் போதும். ஒட்டுப்போடும் இடத்துக்கு முன், குருணை அளவையும் நிறத்தையும் மாற்றி நான்கைந்து மாதிரிப் பலகை செய்து, காய்ந்த பிறகு வெயிலில் வைத்து ஒப்பிடுங்கள். ஈரத்தில் எல்லாமே ஒரே நிறமாகத் தெரியும்.

இன்னொன்று, ஹோட்டல் திறந்து ஆறு மாதத்தில் வரும் பூஞ்சை. பினாங்குக் காற்றின் ஈரம் வெளியிலிருந்து உள்ளே, குளிர்ந்த சுவரை நோக்கி வருகிறது. உள்பக்கம் வினைல் சுவர்த்தாள் ஒட்டினால் ஈரம் அதன் பின்னால் சிக்கிக் கறுக்கும். குளியலறை விசிறி ஓயாமல் காற்றை இழுத்தால், பழைய ஜன்னல் இடுக்குகள் வழியே ஈரக்காற்று உள்ளே வரும். ஈரம் நீக்கிய புதுக்காற்றைத் தனிக் கருவி வழியாக, விசிறி இழுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். குளிர்சாதனத்தைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்காது.

வரைபலகை

கான்கிரீட் தரையின் ஓரத்தைச் சுரண்டினோம், அடைத்த ஜன்னலின் மரச்சட்டம் தெரிகிறது. 18 அறை என்று உரிமையாளரிடம் வைக்கிறேன். லிஃப்ட் குழிக்குச் சோதனைத் தோண்டல் எத்தனை ஆழம் போதும்?

சட்டமும் பீமும்

நல்ல செய்தி. பழைய அத்திவாரத்தின் அடி தெரியும் வரை தோண்டுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். பொதுச் சுவரை ஒட்டி ஒரு மீட்டர் நீளத்துக்கு மேல் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். பக்கத்தில் துளையிட்டு ஒரு நீர்மட்டக் குழாய் இறக்கி, கடல் ஏற்றத்திலும் வற்றத்திலும் இரண்டு வாரம் அளவெடுங்கள். ஏற்றத்து மட்டத்தை வைத்துத்தான் குழியின் மிதப்பு விசையைக் கணக்கிட வேண்டும். அந்த எண் கையில் வந்த பிறகு லிஃப்ட் நிறுவனத்தோடு பேசுங்கள்.