படத்தில் வருகிறவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்த பிறகு இரவுக் காட்சிக்குச் செல்வதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அமர்ந்து படம் பார்ப்பதும் பல ஆண்டுப் பழக்கம். பேய்ப்படம், துப்பறியும் படம், குடும்பப் படம், கருப்பு வெள்ளைக் காலத்துப் படம், துணைவரிகளோடு வரும் வெளிநாட்டுப் படம் என்று நான் வகை பார்ப்பதில்லை. எந்த வகையானாலும் முதல் அரைமணி நேரத்துக்குள் என் மனம் ஒரு கேள்விக்கு விடை தேடத் தொடங்கிவிடும். இந்த மனிதர்கள் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள், அந்த வேலையைப் படம் எடுத்தவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாரா என்பதே அந்தக் கேள்வி. எங்கள் கொங்குப் பகுதியில் புதியவர் ஒருவர் அறிமுகமானால், ஊர் எது என்று கேட்ட கையோடு என்ன தொழில் என்று கேட்பது வழக்கம். அந்த வழக்கம்தான் திரையரங்குக்குள்ளும் என்னோடு வருகிறது என்று நினைக்கிறேன். நண்பர்கள் பலரும் தத்தம் பட அனுபவங்களை எழுதியிருப்பதால், இந்தக் கண்ணோட்டத்தில் எனக்குத் தோன்றியவற்றை நானும் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மண்ணில் எடுத்த படங்களைச் சொல்லிவிடுகிறேன். 1992இல் சின்னக் கவுண்டர், 1993இல் எஜமான், 1994இல் நாட்டாமை என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த படங்கள், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒரு பெரிய மனிதர் ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பின. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் வாய்க்கால் கரைகளும் திரையில் தெரிந்தபோது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தில் யார் மடை மாற்றுகிறார்கள், யார் கட்டுத்தரையில் சாணம் அள்ளுகிறார்கள், மஞ்சள் வேகவைக்கும் நாளில் யார் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள் என்பதை அந்தப் படங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாழ்நாள் முழுவதும் பண்ணையம் பார்த்த என் அப்புச்சி (அம்மாவின் அப்பா), தொலைக்காட்சியில் எஜமான் படம் ஓடிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து, “ஏங் கண்ணு, இந்த எசமாங்க காட்டுக்கு எப்பத்தான் போவாங்க?” என்று கேட்டார். எங்கள் பேச்சில் காடு என்றால் விவசாய நிலம். அவர் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். அந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இல்லை.

இந்தக் குறை எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், சினிமாவுக்கும் எங்கள் பகுதிக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இலேயே ஊர் ஊராகச் சென்று படம் காட்டத் தொடங்கி, 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதே பெயர்தான். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸும் என்று படப்பிடிப்பு நிலையங்கள் இருந்த காலத்தில், படப்பிடிப்புத் தளத்தில் தச்சு வேலையும் விளக்கு வேலையும் செய்தவர்களில் எத்தனையோ பேர் இந்த ஊர்க்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் 1944இல் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான படம். நாமக்கல் கவிஞர் எழுதிய கதையைப் பட்சிராஜா ஸ்டுடியோ 1954இல் மலைக்கள்ளனாக எடுத்தது. இன்று பார்த்தாலும் மலைக்கள்ளன் தொய்வில்லாமல் நகர்கிறது, எம்.ஜி.ஆருக்கு எதிரே பானுமதி துணிச்சலாகப் பேசும் காட்சிகளுக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். சாகசக் கதையில் யார் பிழைப்பு எது என்று நான் தேடுவதில்லை. ஆனால் கிராமத்துக் கதை என்று சொல்லிக்கொண்டு வருகிற படத்தில் தேடாமல் இருக்க முடிவதில்லை.

பாக்யராஜ் படங்களை நான் விதிவிலக்காகவே வைத்திருக்கிறேன். கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்து வெள்ளாங்கோயில்காரரான அவருக்கு, ஊரில் யார் யாரோடு எப்படிப் பேசுவார்கள் என்பது தெரியும். 1983இல் வந்த முந்தானை முடிச்சில் கைக்குழந்தையோடு ஊருக்குள் நுழையும் வாத்தியாரை அந்த ஊர் முதலில் வாத்தியாராகத்தான் பார்க்கிறது; அந்த மரியாதையும் அதனால் வரும் கட்டுப்பாடும்தான் கதையை நடத்துகின்றன. ஊர்வசி குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்யும் காட்சியில் அரங்கமே மூச்சை அடக்கியது என்று என் அம்மா இப்போதும் சொல்வார். பேச்சு மொழிக்காக என்றால் 1995இல் பாலுமகேந்திரா இயக்கிய சதிலீலாவதியைச் சொல்வேன். கமலும் கோவை சரளாவும் எங்கள் வீட்டுப் பேச்சைப் பேசுவதைக் கேட்டபோது, அது சிரிக்கவைப்பதற்காகச் சேர்த்த பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை; அந்தக் கணவனும் மனைவியும் வேறு எப்படியும் சண்டை போட்டிருக்க முடியாது.

இந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்தது தமிழ் என்ற பெயருடைய இயக்குநர் எடுத்து 2022இல் வந்த சேத்துமான். பெருமாள்முருகனின் வறுகறி என்ற சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட படம் அது. கூடை முடையும் ஒரு தாத்தா, பெற்றோரை இழந்த பேரனைப் படிக்கவைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு வாழ்கிறார். பன்றிக்கறி சாப்பிட ஆசைப்படும் பண்ணையக்காரர்கள் சிலர் ஊருக்குத் தெரியாமல் அதற்கு ஏற்பாடு செய்கிறார்கள். பன்றியைத் தேர்ந்தெடுப்பது, விலை பேசுவது, பிடிப்பது, தீயில் வாட்டுவது, அறுத்துப் பங்கு பிரிப்பது என்று ஒவ்வொன்றையும் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. கறியைச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் எந்தெந்த வேலைக்கு அருகில் வருகிறார்கள், எந்த வேலையின்போது தள்ளி நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும், அந்த ஊரின் சாதி முழுவதும் விளங்கிவிடும். யாரும் வசனமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் பக்கத்துப் பேச்சு பிசகாமல் வருகிறது. எங்கள் வீட்டில் சிலர் இந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை, கொங்கு மண்ணைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் இது என்பது என் உறுதியான கருத்து.

திகில், துப்பறியும் படங்களில் தொழிலுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். நல்ல படங்களில் கதையே அதில்தான் தொங்குகிறது. 2012இல் வந்த பீட்சாவில் நாயகன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காரன் என்பதால்தான், அறிமுகமில்லாத பங்களாவுக்குள் தனியாகச் சென்று பணத்துக்காகக் காத்து நிற்கிறான். அந்தக் காத்திருப்பில்தான் பயம் பிறக்கிறது. மலையாளத் த்ரிஷ்யத்தையும் அதன் தமிழ் வடிவமான பாபநாசத்தையும் பார்த்தவர்களில் சிலர் முதல் பாதி மெதுவாகப் போகிறது என்பார்கள். கேபிள் டிவி நடத்தும் அதிகம் படிக்காத ஒருவர், அலுவலகத்திலேயே அமர்ந்து இரவெல்லாம் படம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவால்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். அந்த மெதுவான பகுதி இல்லாவிட்டால் பிற்பாதியை யாரும் நம்பமாட்டார்கள். கைதி படத்தில் காவல் அதிகாரிக்குக் கையில் அடிபட்டிருப்பதால், லாரி ஓட்டத் தெரிந்த ஒருவன் தேவைப்படுகிறான். அந்த ஒரு தேவையிலிருந்து ஒரே இரவில் நடக்கும் முழுப்படமும் கிளம்புகிறது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் என் மச்சான் அதைப் பார்த்துவிட்டு, “வண்டிய ஓட்டறவனுக்கு மதிப்புக் குடுத்த படமுங்க மாப்ள” என்றார். அவர் சொன்னது சரி. கடைசியில் வரும் இயந்திரத் துப்பாக்கி மட்டும் எனக்கு ஒட்டவில்லை.

இயக்குநர் ராம்குமாரின் இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்க்கும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 2014இல் வந்த முண்டாசுப்பட்டி, புகைப்படம் எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஊருக்குள் ஒரு புகைப்படக்காரரை அனுப்பிச் சிரிக்கவைக்கிறது. 2018இல் வந்த ராட்சசன், சினிமா இயக்க விரும்பிக் கொலைகாரர்களைப் பற்றிய செய்திகளைச் சேகரித்து வைத்திருந்த ஒருவன் காவல்துறையில் சேர்ந்த பிறகு, அந்தச் சேகரிப்பே அவனுக்குத் துப்பாக உதவுவதைச் சொல்கிறது. ஒரே இயக்குநர், இரண்டிலும் விஷ்ணு விஷால், முற்றிலும் வேறான இரண்டு வகைகள். இரண்டிலும் நாயகனின் தொழிலே கதையின் அச்சு. ஆனாலும் ராட்சசனில் பள்ளிச் சிறுமிகள் படும் துன்பத்தைக் கதைக்குத் தேவையான அளவைத் தாண்டிக் காட்டியிருக்கிறார்கள் என்பது என் வருத்தம்.

அந்த வருத்தம் விசாரணை படத்தைப் பார்க்கும்போது எனக்கு வரவில்லை. அதிலும் அடி உண்டு, இரத்தம் உண்டு, கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றும் காட்சிகள் உண்டு. கோவையில் ஆட்டோ ஓட்டும் மு. சந்திரகுமார், ஆந்திரத்தில் தாம் பட்டதை லாக்கப் என்ற நூலாக எழுதினார். அதை வைத்து வெற்றிமாறன் எடுத்த படம் 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு இங்கே வெளியானது. குண்டூரில் மளிகைக் கடையில் வேலை செய்துவிட்டு இரவில் பூங்காவில் படுத்துறங்கும் இளைஞர்களைச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஊரில் யாரும் இல்லை, மொழியும் சரியாக வராது என்பதுதான் அடிக்கிறவர்களின் பலம். திருப்பூரில் இந்தப் படத்தைப் பார்ப்பது தனி அனுபவம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்களின் பெயர்களை நான் வாரந்தோறும் சம்பளப் பதிவேட்டில் எழுதுகிறேன். யாருக்கு எத்தனை ஷிப்ட் என்று எனக்குத் தெரியும்; அவர்கள் இரவில் எங்கே, எத்தனை பேர் ஓர் அறையில் படுக்கிறார்கள் என்பதை அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கேட்கத் தொடங்கினேன்.

வெளிநாட்டுப் படங்களில் ஈரானிய இயக்குநர் மஜித் மஜீதியின் சில்ட்ரன் ஆஃப் ஹெவன் (1997) எனக்கு மிகவும் நெருக்கமானது. அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடும் கதை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு நினைவில் நிற்பது அவர்களுடைய தகப்பனார். மசூதிக்குக் கொடுக்க வேண்டிய சர்க்கரைக் கட்டியை அவர் வீட்டில் அமர்ந்து சிறு சிறு துண்டுகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் சர்க்கரை கேட்கிறார். இவ்வளவு சர்க்கரை எதிரிலேயே இருக்கிறதே என்கிறாள் குழந்தை. அது மசூதியுடையது, நம்முடையதில்லை என்று அவர் விளக்குகிறார். நேர்மையைப் பற்றி ஒரு சொற்பொழிவும் இல்லாமல், ஒருவர் கைவேலையின் நடுவிலேயே அந்த வீட்டின் வறுமையும் ஒழுக்கமும் சேர்ந்து தெரிந்துவிடுகின்றன. பிறகு மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பணக்காரர்கள் வீதியில் தோட்டவேலை தேடிப் போகும்போது, வாசல் ஒலிபெருக்கியில் பேச அவருக்கு நாக்கு எழவில்லை; சிறுவன்தான் பேசி வேலை வாங்குகிறான். டி சிகாவின் பைசைக்கிள் தீவ்ஸ் (1948) உலகம் போற்றும் படம். சுவரொட்டி ஒட்டும் வேலைக்காகச் சைக்கிளை மீட்க, வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைக்கும் காட்சி அதில் மறக்க முடியாதது. இருந்தாலும் இரண்டில் ஒன்றை மட்டும் குழந்தைகளுக்குக் காட்டலாம் என்றால் நான் ஈரானியப் படத்தையே காட்டுவேன்.

பாலக்காடு பக்கத்திலேயே இருப்பதால் மலையாளப் படம் எங்களுக்கு அயல்மொழிப் படமாகத் தோன்றுவதில்லை. 2021இல் ஜியோ பேபி எடுத்த த கிரேட் இந்தியன் கிச்சனை என் மனைவியும் நானும் ஒன்றாகப் பார்த்தோம். காய் நறுக்குவது, மாவு ஊற்றுவது, எச்சில் தட்டு எடுப்பது, ஒழுகும் தொட்டிக் குழாய்க்கு அடியில் வாளி வைப்பது என்று ஒரே வேலை மீண்டும் மீண்டும் வருகிறது. குழாயைச் சரிசெய்ய ஆள் கூப்பிடும்படி அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். இறுதியில் அந்த அழுக்குத் தண்ணீரையே அவள் ஆண்கள் மீது ஊற்றும்போது என் மனைவி, “இத்தன நாளு பொறுத்ததே அதிகமுங்க” என்றார். பிறகு எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் நினைவூட்டினார். மறுநாள் காலையிலேயே ஆளைக் கூப்பிட்டேன்.

அண்மையில் பார்த்ததில் 2025இல் வந்த குடும்பஸ்தன் பிடித்திருந்தது. கோவையில் வேலை போனதை வீட்டுக்குச் சொல்லாமல் கடன்மேல் கடன் வாங்கும் இளைஞனாக மணிகண்டன் நடித்திருக்கிறார். மாதக் கடைசிக் கணக்கும், மாமன் மச்சான் முன்னால் மானத்தைக் காப்பாற்றும் தவிப்பும் அப்படியே எங்கள் தெருவில் நடப்பவை. சிரிப்பை நம்பி ஓடும் பிற்பாதி சற்று நீளம்.

துணியின் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் முன்னால் அமர்ந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணை முழுநீளக் கதையாகக் காட்டும் படம் இன்னும் என் கண்ணில் படவில்லை. பல்லடத்துத் தறிப்பட்டறை, சாயப்பட்டறை, லாரிப்பட்டறை பற்றியும் அப்படித்தான். அவற்றைச் சரியாகக் காட்டிய படம் எந்த மொழியில் இருந்தாலும், பார்த்தவர்கள் பெயரைச் சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை இரவே பார்த்துவிடுகிறேன்.