நாத்திகனான மகனும் பதினான்காம் சங்கீதமும்

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக்கு அருகில் மூன்று தலைமுறையாகச் சபையோடு வாழ்ந்துவரும் குடும்பம் எங்களுடையது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தான். இரவு குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தபோது, தனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது என்றும், நம்பாமல் முழங்காலிடுவது பொய் சொல்வதற்குச் சமம் என்றும் நிதானமாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அவன் அம்மா அழுதாள். என் அண்ணனோ, மாடிவரைக்கும் கேட்கட்டும் என்று, "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற சங்கீத வசனத்தை உரக்க வாசித்தார். மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில், ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 'நான் ஏன் கிறிஸ்தவனல்ல' என்ற சிறு நூல் வேதாகமத்தின் பக்கத்தில் கிடந்தது.

உண்மையைத் தேடியதால்தான் நம்பிக்கையை விட்டேன் என்கிறான் அவன். உண்மையே கிறிஸ்துதான் என்று சொல்லும் நாங்கள் அவனிடம் என்ன பேச வேண்டும்? மிரட்டலோ சமாதானமோ அல்லாத பதில் எனக்கு வேண்டும்.

பதில்: சபை ஊழியன்

ஐயா, முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம், ஏனெனில் நம் வீடுகளில் அதைக் கல்லெறிவதற்கே அதிகமாகப் பயன்படுத்துகிறோம். தமிழில் 'மதிகேடன்' என்று வரும் இடத்தில் எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'நாபால்'. இது அறிவுக்குறைவைவிட நெறிகேட்டையே அதிகம் குறிக்கும். 1 சாமுவேல் 25-ஆம் அதிகாரத்தில் இதே பெயரில் ஒரு செல்வந்தன் வருகிறான். மூவாயிரம் ஆடுகள் வைத்திருந்தும், ஆட்டுமயிர் கத்தரிக்கும் திருநாளில், தன் மேய்ப்பருக்குக் காவலாக இருந்த தாவீதின் ஆட்களுக்கு அப்பமும் தண்ணீரும் கொடுக்க மறுத்தவன் அவன். அவன் கடவுள் இல்லை என்று வாதம் செய்ததாக எங்கும் எழுதப்படவில்லை. இல்லாததுபோல நடந்துகொண்டான், அவ்வளவுதான். பதினான்காம் சங்கீதமும் நான்காம் வசனத்தில், "அப்பத்தைப் பட்சிக்கிறதுபோல், என் ஜனத்தைப் பட்சிக்கிறார்களே" என்று அந்த மதிகேடர்கள் யார் எனக் காட்டிவிடுகிறது. நம்பாமல் முழங்காலிட மாட்டேன் என்று சொன்ன பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டு, திங்கட்கிழமை கூலியைப் பிடித்தம் செய்கிறவர்களை நிறுத்தத் தயக்கமில்லை.

இன்னொன்றும் உண்டு. ரோமப் பேரரசில் 'நாத்திகர்' என்ற வசைச்சொல்லைச் சுமந்தவர்கள் நாம்தான். ஊர்த் தெய்வங்களுக்கும் பேரரசனுக்கும் தூபம் காட்ட மறுத்ததால் அந்தப் பெயர் வந்தது. இரண்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், அப்படிப்பட்ட தேவர்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகர்தாம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். சிமிர்னாவின் முதிய ஆயர் பாலிகார்ப்பிடம், "நாத்திகர் ஒழிக" என்று சொன்னால் உயிர் தப்பலாம் என்று ஆளுநர் சொன்னபோது, அவர் கிறிஸ்தவர்களைச் சுட்டாமல், தன் சாவைப் பார்க்க அரங்கில் கூடியிருந்த கூட்டத்தை நோக்கிக் கையசைத்து அதைச் சொன்னார் என்று அவருடைய சபையார் எழுதிய கடிதம் கூறுகிறது. பொய்த் தெய்வங்களை மறுக்கும் துணிவு நம் மரபிலேயே இருக்கிறது. மகன் எந்தக் கடவுளை மறுக்கிறான் என்று கேட்டீர்களா? அவன் மறுக்கும் கடவுளை நீங்களும் நம்பாமல் இருக்கலாம்.

பதில்: தத்துவ மாணவி

நான் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இதற்கு எடித் ஸ்டைனின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1891-இல் பிரெஸ்லாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், பதின்ம வயதிலேயே செபிப்பதை அறிந்தே நிறுத்திவிட்டார். பின்பு கோட்டிங்கனில் எட்மண்ட் ஹுஸ்ஸர்லிடம் தத்துவம் பயின்றார். முன்முடிவுகளைத் தள்ளிவைத்து, பொருள் தன்னை எப்படிக் காட்டுகிறதோ அப்படியே பார்க்கவேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். 1921 கோடையில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது ஸ்பானியத் துறவி அவிலா தெரசாவின் தன்வரலாற்றைக் கையில் எடுத்தவர், அதை முடித்தபோது, இதுவே உண்மை என்ற முடிவுக்கு வந்திருந்தார். 1922 ஜனவரி 1 அன்று திருமுழுக்குப் பெற்றார். 1933-இல் கார்மேல் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1942 ஆகஸ்டில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். கடைசிவரை கத்தோலிக்கராக மாறாத தம் ஆசிரியர் ஹுஸ்ஸர்ல் 1938-இல் மரணப்படுக்கையில் இருந்தபோது, கடவுளே உண்மை என்றும், உண்மையைத் தேடுகிறவர் தெரிந்தோ தெரியாமலோ கடவுளையே தேடுகிறார் என்றும் எடித் எழுதினார்.

வாதமாகவும் ஒன்றைச் சொல்லலாம். என் எண்ணங்கள் முழுவதும் மூளையின் அணு அசைவுகளால் மட்டுமே தீர்மானிக்கப்படுகின்றன என்றால், அவை உண்மை என்று நம்ப எனக்குக் காரணமே இல்லை என்று உயிரியலாளர் ஹால்டேன் 1927-இல் எழுதினார். அவர் கிறிஸ்தவர் அல்லர். உண்மையைத் தேடுவது கடமை என்று நினைக்கும் உங்கள் மகன், அந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்றும் யோசிக்கட்டும்.

பதில்: பகுத்தறிவுப் பயணி

நான் நாத்திகன், பெரியார் சிலைப் பீடத்து வாசகத்தைப் படித்த மாத்திரத்தில் ஆனவனும் அல்லன். சகோதரி சொன்ன அதே ஹால்டேன் பிற்காலத்தில் அந்த வாதம் தவறு என்று திரும்பப் பெற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. கணக்குப்பொறியும் இயற்பியல் விதிப்படியே இயங்குகிறது. அதனால் அதன் விடை தவறாகிவிடுவதில்லை. (அவர் கடைசியில் இந்தியாவில் குடியேறி, 1964-இல் புவனேஸ்வரில் இறந்தார்.)

"தெரியாமலே கடவுளைத் தேடுகிறாய்" என்பது அன்பாகச் சொல்லப்பட்டாலும் எங்களுக்கு உறுத்தும். நீங்கள் தெரியாமலே நாத்திகராக இருக்கிறீர்கள் என்று நான் சொன்னால் ஏற்பீர்களா? ஒருவன் தன் முடிவு இன்னது என்று சொன்னால், அவன் சொன்னதையே அவன் முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவன்தான். என் பாட்டியை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்று இருப்பதை முதன்முதலாகப் பார்த்தேன். எந்தச் சாதி எந்தப் பக்கம் என்பது குழி வெட்டுகிறவருக்கும் தெரிந்திருந்தது. உயிர்த்தெழுதலைப் பற்றிய பிரசங்கம் அந்தச் சுவரின் இந்தப் பக்கத்தில் நடந்தது. ரஸ்ஸலைப் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு.

பதில்: தத்துவ மாணவி

ஹால்டேன் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். நான் சொல்லியிருக்க வேண்டும். வாதம் அதோடு முடிந்துவிடவில்லை, ஏனெனில் கணக்குப்பொறியின் விடை சரி என்று சொல்ல வெளியே ஒருவர் தேவைப்படுகிறார். ஆனால் சுவரைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. 1965 டிசம்பர் 7 அன்று வெளியான கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏடு, நாத்திகம் தோன்றுவதில் நம்பிக்கையாளர்களுக்குச் சிறிதல்லாத பங்கு இருக்கக்கூடும் என்றும், அவர்கள் தங்கள் வாழ்க்கைக் குறைகளால் கடவுளின் உண்மை முகத்தை மறைத்துவிடுகிறார்கள் என்றும் ஒப்புக்கொள்கிறது. நீங்கள் எழுதியது அதற்கு உரைபோல இருக்கிறது.

பதில்: சபை ஊழியன்

பயணி அவர்களே, அந்தச் சுவருக்கு மேல் என்னிடமும் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். யோவான் 18:38-இல், இயேசுவை விசாரிக்கும் ரோம ஆளுநன் பிலாத்து அவரிடம் "சத்தியமாவது என்ன" என்று கேட்கிறான். கேட்டவுடனே, பதிலுக்குக் காத்திராமல் வெளியே போய்விடுகிறான். அவன் நாத்திகன் அல்லன், அவசரக்காரன். வீட்டுக் கூடத்தில் வசனத்தை உரக்க வாசித்த பெரியவரும் அதே அவசரத்தில்தான் இருந்தார் என்று நினைக்கிறேன்.

கேட்டவர்: பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மொட்டைமாடிக்குப் போய், அவன் எந்தக் கடவுளை மறுக்கிறான் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. பத்து வயதில் ஞாயிறு பள்ளியில் "கடவுளை யார் படைத்தார்?" என்று கேட்டதற்கு ஆசிரியை அவனை வெளியே நிற்கவைத்தார்களாம், வீட்டில் வந்து சொன்னபோது நானும் தொடையில் கிள்ளினேனாம். எனக்கு அது நினைவே இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு, முதல் காரணம் கடவுளே என்னும் முதற்காரண வாதத்தைப் பதினெட்டு வயதில் ரஸ்ஸலைக் கைவிட வைத்ததும் இதே கேள்விதான் என்று அந்த நூலில் அடிக்கோடிட்டுக் காட்டினான்.

விடுமுறை முடிய ஆறு நாள் இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம், ரஸ்ஸலில் ஒரு பகுதியும் யோவானில் ஒரு அதிகாரமும் இருவரும் சேர்ந்து வாசிப்பது என்று பேசியிருக்கிறோம். ஜெபத்துக்கு உட்காரச் சொல்லி நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. அண்ணனையும் அழைத்திருக்கிறேன், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதற்காரண வாதத்தை ரஸ்ஸலுக்குப் பயப்படாமலும் அவரைக் கேலி செய்யாமலும் எளிய தமிழில் விளக்கும் நூல் ஏதும் இருந்தால், செவ்வாய்க்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.