கலைச்சொல் விவாதம்: உயிரியல் கடவுச்சீட்டா, உடற்குறிப்பேடா?

மதிப்பிற்குரிய குழும உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஊக்கமருந்துப் பாவனையைக் கண்டறிவதற்காகச் சர்வதேச துவிச்சக்கரவண்டி ஒன்றியம் 2008 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ‘பயோலொஜிக்கல் பாஸ்போர்ட்’ என்பதை ‘உயிரியல் கடவுச்சீட்டு’ என்றே எழுதலாம் என்று நம் குழும உறுப்பினரான ஐயா ஒருவர் சென்ற மடலில் கூறியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடவுச்சீட்டு எல்லையைக் கடப்பதற்கு வழங்கப்படும் அனுமதி. இதுவோ, ஒரு வீரரின் குருதியில் பல ஆண்டுகளாக எடுக்கப்படும் அளவீடுகளைத் திகதிவாரியாகச் சேர்த்து, அவரை அவரோடேயே ஒப்பிட்டுப் பார்க்கும் பதிவு.

இதற்கு நிகரான ஒன்று நம் வீடுகளிலேயே இருக்கிறது. என் தாயாரின் கிளினிக் கொப்பியின் மட்டை கழன்றுவிட்டது. கொப்பியின் முதுகில் பிளாஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறார். டொக்டர் அன்றைய பிரஷரை மட்டும் பார்த்து மருந்தை மாற்றுவதில்லை. இரண்டு பக்கம் பின்னோக்கிப் புரட்டி, பழைய எண்களின்மீது பேனாமுனையை ஓட்டிப் பார்த்த பின்னரே பேசுவார். அந்தப் பின்னோக்கிப் புரட்டல்தான் இம்முறையின் உயிர். ஆகவே ‘உடற்குறிப்பேடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘குருதிக் குறிப்பேடு’ என்றும் எண்ணிப் பார்த்தேன்; சிறுநீரில் ஸ்டீரொயிட் அளவுகளும் பின்னர் சேர்க்கப்பட்டமையால் அது போதாது.

முன்னைய முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1997 இல் ஆண் வீரர்களுக்குக் குருதியில் செங்குழியங்களின் பங்கு 50 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரே வரம்பு வைக்கப்பட்டது. 1999 இல் இத்தாலியின் பல நாள் துவிச்சக்கரவண்டிப் பந்தயமான ஜிரோ டி இத்தாலியா முடிய இரண்டு கட்டங்களே இருந்தபோது, முதலிடத்தில் இருந்த இத்தாலிய வீரர் மார்க்கோ பந்தானி அவ்வரம்பைத் தாண்டியதால் வெளியேற்றப்பட்டார். விதிப்படி அது உடல்நலச் சோதனை மட்டுமே. ஊக்கமருந்துக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. உடற்குறிப்பேடோ பொது வரம்பை நம்புவதில்லை. ஆற்றலைக் கூட்டுவதற்காகச் சேமித்து வைத்த தன் குருதியை ஒருவர் மீண்டும் ஏற்றிக்கொண்டால் ஈமோகுளோபின் உயரும். உடல் தன் உற்பத்தியைக் குறைப்பதால் புதிதாகப் பிறக்கும் இளஞ்செங்குழியங்கள் குறையும். இந்த முரண்தான் நிபுணர்களின் கண்ணில் படுகிறது. எந்த மருந்தும் அகப்படாமலே ஐயம் எழுவது இவ்வாறுதான்.

அகப்படாத நிலையில் ‘சிக்கினார்’ என்று எழுதும் நம் பத்திரிகை வழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. மலையுயரத்தில் பயிற்சி செய்தாலும், உடலில் நீர் வற்றினாலும் இவ்வளவுகள் மாறும். அதனாலேயே பெயர் மறைக்கப்பட்ட பதிவை மூன்று நிபுணர்கள் ஆராய்ந்து ஒருமித்த முடிவுக்கு வரவேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. அதன் பின்னரும் வழக்கு நிலைக்காமல் போவதுண்டு: செக் வீரர் ரோமன் கிரூசிகர்மீது 2014 இல் தொடரப்பட்ட வழக்கு 2015 இல் மீளப்பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவரைக் குற்றவாளியாக எழுதியிருந்தால் அதை எவ்வாறு திருத்துவது?

எனவே அளவீட்டின் மாற்றத்துக்குப் ‘பிறழ்வு’, நிபுணர்களின் ஒருமித்த முடிவுக்குப் ‘பாதகமான தீர்மானம்’, தண்டனைக்குப் பின்னரே ‘குற்றம்’ என்று படிப்படியாக வழங்கலாம். ‘அவரது உடற்குறிப்பேட்டில் பிறழ்வு காணப்பட்டதால் விளக்கம் கோரப்பட்டுள்ளது’ என்று எழுதினால் செய்தியும் குறைவதில்லை, எவருக்கும் அநீதியும் இல்லை.

‘இளஞ்செங்குழியம்’ நானாக ஆக்கியது. மருத்துவபீடத்தில் வேறு சொல் வழக்கில் இருப்பின், அங்கு கற்பிக்கும் உறுப்பினர்கள் அறியத்தர வேண்டுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஓர் உறுப்பினர்