வீட்டில் கல் பட்டை தீட்டும் மிஷின்: கட்டியவர்களும் ஓட்டுபவர்களும் சொன்னவை

ஸ்படிகம்96

ரத்தினக் கல்லில் பட்டை போட, 6 இன்ச் சுழலும் தட்டு, கல்லைப் படிப்படியாகத் திருப்பி நிறுத்தும் 96 பல் சக்கரம் (இன்டெக்ஸ்), ஒரு மேசை மூலையில் அடங்கும் மிஷின். இதைக் கட்டும்போதும் ஓட்டும்போதும் எது எங்கே உதைக்கிறது என்பதை மட்டும் இங்கே சேர்ப்போம். வழக்கமாக எல்லோரும் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை எச்.பி. என்று. 8 மி.மீ. கல்லைத் தேய்க்க கால் எச்.பி.யே தாராளம். காசும் கவனமும் போகவேண்டிய இடங்கள் இரண்டு: தட்டு உட்காரும் ஸ்பிண்டில், கல்லைப் பிடிக்கும் கம்பம். இவை ஆடினால் எந்த விலை உயர்ந்த வைரத் தட்டும் உதவாது.

லேத்துப் பட்டறை

ஸ்பிண்டில் பற்றி. கடையில் கிடைக்கும் வைரத் தட்டுகளின் நடுத்துளை பெரும்பாலும் அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது 12 மி.மீ. ராடு. "கிட்டத்தட்ட சரிதானே" என்று அதில் மாட்டினால் தட்டு 0.7 மி.மீ. விளையாடும். டேப் சுற்றிச் சமாளிப்பதெல்லாம் வேண்டாம். 20 மி.மீ. இ.என்.8 எஃகு ராடு வாங்கி, மேல்முனையை மட்டும் 12.7-க்குக் கடைந்துகொள்ளுங்கள். 6004 2ஆர்.எஸ். பேரிங் இரண்டு, நடுவே 75 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள். இரண்டையும் ஒட்டி வைத்தால் மேலே தட்டு தள்ளாடும்.

தட்டைத் தாங்கும் 4 இன்ச் ஃபிளாஞ்சை ஸ்பிண்டிலில் இறுக்கிய பிறகு, அதே செட்டிங்கில் லேத்தில் முகம் கடையச் சொல்லுங்கள். தனியாகக் கடைந்து பிறகு மாட்டினால் சாய்வு வந்தே தீரும். பொருத்தி முடித்ததும் தட்டின் ஓரத்தில் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். 0.03 மி.மீ.க்குள் இருந்தால் போதும். 0.1 இருந்தால் கல் தட்டின் மேல் துள்ளும், டக் டக் என்று சத்தம் கேட்கும், பட்டையின் ஓரம் பொடிப்பொடியாக உதிரும்.

அடித்தளத்துக்குப் பலகையைவிட கிரானைட் மேல். சமையல் மேடை போட்டது போக மிஞ்சும் 18 மி.மீ. துண்டு, கிரானைட் கடையிலேயே துளையும் போட்டுத் தருவார்கள். தண்ணீரில் ஊறாது, வளையாது, அதிர்வையும் விழுங்கும்.

கம்பத்துக்கு 20 மி.மீ. குரோம் ஷாஃப்ட், அடியில் எஸ்.எச்.எஃப்.20 பிடி, ஏறி இறங்க எல்.எம்.20 யு.யு. பேரிங். சி.என்.சி. சாமான் விற்பவர்களிடம் மூன்றும் கிடைக்கும். பிடியைப் போல்ட்டில் இறுக்கும் முன் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நேர் பார்க்க வேண்டும். கல் கம்பி (கல்லை ஒட்டும் பித்தளைக் கம்பி) மாட்டும் இடத்தில் நேரான சில்வர் ஸ்டீல் ராடு ஒன்றை மாட்டி, கோணத்தை 90°-ல், அதாவது ராடு தட்டுக்கு இணையாக வைத்து, ராடின் இரு முனையிலும் தட்டிலிருந்து உயரம் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

உறையூர் சாணை

மோட்டாரைக் கடைசியில் தள்ளுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, சார். எச்.பி. முக்கியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். வேகக் கட்டுப்பாடு முக்கியம். வெட்டும்போது 800 ஆர்.பி.எம். வேண்டும், மெருகுக்கு 150, 200 போதும். பழைய வாஷிங் மெஷின் மோட்டார் 1440-ல் ஓடும். அதற்கு ஃபேன் ரெகுலேட்டர் போட்டால் வேகம் குறைவதோடு இழுவையும் போய்விடும், காயில் சூடாகும், கல்லை அழுத்தினால் நின்றுவிடும். அந்த மோட்டாரைத்தான் வைப்பேன் என்றால் ஸ்டெப் புல்லி போடுங்கள். மோட்டாரில் 2 இன்ச், ஸ்பிண்டிலில் 4 இன்ச் என்றால் 720 கிடைக்கும். தையல் மிஷின் மோட்டார் மெதுவாக ஓடும்போது வலு இல்லாமல் திணறும்.

சரியான வழி 24 வோல்ட் 250 வாட் டி.சி. மோட்டார். இ-சைக்கிள் பாகங்கள் விற்கும் இடத்தில் எம்.ஒய்.1016 என்று கேளுங்கள். அது 2700 வாக்கில் சுற்றும், மூன்றுக்கு ஒன்று என்று பெல்ட்டில் குறைத்தால் 900. வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாக மாற்றித் தரும் 15 ஆம்ப் எஸ்.எம்.பி.எஸ்., வேகத்தைக் கூட்டிக் குறைக்க 20 ஆம்ப் பி.டபிள்யு.எம். கன்ட்ரோலர் ஒன்று. தண்ணீர் சொட்டும் இடத்தில் 230 வோல்ட் வராது என்பது இதில் கூடுதல் லாபம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் தட்டைவிட உயரத்தில், சுவரில் மாட்டுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஓட்டாதீர்கள்.

தண்ணீருக்கு மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் வாங்கினால் போதும். ரோலரைத் திருகி நொடிக்கு ஒரு சொட்டு வைக்கலாம். தண்ணீர் பிடிக்க பிளாஸ்டிக் டப். நடுவில் துளையிட்டு, ஸ்பிண்டிலைச் சுற்றி 30 மி.மீ. உயரத்துக்கு பி.வி.சி. பைப் துண்டு ஒட்டிவிடுங்கள். இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் கல் சேறு நேராகப் பேரிங்குக்குள் இறங்கும், பிறகு அது கொஞ்ச நாளில் கரகரவென்று கத்தும்.

புதுசு

96 பல் கியரை எங்கே வாங்குவது? கோணம் பார்க்க டிஜிட்டல் சென்சார் போடலாமா அண்ணா?

லேத்துப் பட்டறை

கியர் வெட்டும் பட்டறையில் மாட்யூல் (பல்லின் அளவு) 1, 96 பல் என்று சொன்னால் வெளிவிட்டம் 98 மி.மீ. வரும். பெரிதாகத் தோன்றினால் மாட்யூல் 0.8. ஒரு பல்லுக்கு 3.75°. கியரைவிட, பல்லுக்குள் விழும் நாக்குதான் தொல்லை. அங்கே 0.1 மி.மீ. இடைவெளி இருந்தாலே கல் 0.12° திரும்பும். நாக்கின் முனையை ஆப்பு வடிவில் அரமிட்டு, பல்லின் இரு பக்கச் சுவரிலும் தொடும்படி, ஆனால் அடியில் தொடாதபடி உட்கார வையுங்கள்.

காந்தம் திரும்புவதை வைத்துக் கோணம் பார்க்கும் ஏ.எஸ்.5600 சென்சார் 0.088° படியாகக் காட்டும். ஆனால் காந்தம் அச்சின் நடுவில் இல்லாவிட்டால் காட்டும் எண்ணே தவறாக இருக்கும். எண்ணை மட்டும் நம்பாமல் திருகாணி வைத்த நிறுத்தி ஒன்று போடுங்கள். எல்லாப் பட்டையும் ஒரே நிறுத்தியில் முட்டி நின்றால், எண் 43 ஆனாலும் 43.2 ஆனாலும் பட்டைகள் தமக்குள் ஒத்துப்போகும்.

ஸ்படிகம்96

முதல் கல்லுக்கு வெள்ளை ஸ்படிகம் எடுங்கள், விலை மலிவு, கடினம் 7, உடைப்புத் தளமும் தொந்தரவு தராது. வழக்கமான வட்ட வெட்டு, அதாவது ரவுண்ட் பிரில்லியன்ட், இடுப்பைச் சேர்க்காமல் 57 பட்டை. அடிப்பாகம் முதலில்.

இன்டெக்ஸ் 3-9-15-21 என்று ஆறாறாகக் கூட்டி 93 வரை பதினாறு பட்டை, 45°. அதே எண்களில் 90°-ல் இடுப்பு (கல்லின் சுற்றுவிளிம்பு). பிறகு 96-12-24-36-48-60-72-84-ல் எட்டு மெயின் (பெரிய பட்டை), 43°. மெயினின் மேல்முனை, பக்கத்துப் பட்டைகள் இரண்டும் இடுப்பில் சந்திக்கும் புள்ளியைத் தொடும்போது நிறுத்த வேண்டும். கல்லை மறுபக்கக் கம்பிக்கு மாற்றியதும் மேல்பாகம்: ஆறாறு வரிசை 47°, மெயின் 42°, நட்சத்திரப் பட்டை 6-18-30 என்று 27°, கடைசியில் உச்சியின் தட்டைப் பட்டையான டேபிள்.

ஒளி அடியில் கசியாமல் உள்ளேயே திரும்பத் தேவையான எல்லைக் கோணம் ஸ்படிகத்துக்கு 40.4°. அடி மெயினை அதற்குக் கீழே இறக்கினால் கல்லின் நடுவில் ஜன்னல் விழும், பேப்பரில் வைத்தால் அடியில் உள்ள எழுத்தைப் படிக்கலாம். எடை காப்பாற்ற 39°-ல் தீட்டிய கற்கள் சந்தையில் கொட்டிக் கிடக்கின்றன. நாமும் அதையே செய்ய எதற்கு மிஷின்?

தட்டு வரிசை (எண் கூடக் கூடத் துகள் நுண்மை): 260-ல் உருவம், 600-ல் பட்டை, 3000-ல் முன்மெருகு, கடைசியில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி. 260 தட்டின் துகள் சுமார் 60 மைக்ரான். அது விடும் உட்சேதம் கண்ணில் படுவதைவிட ஆழம் என்பதால் 260-லேயே அளவைத் தொட்டுவிடாதீர்கள், 600-க்கு மிச்சம் வையுங்கள். புதுத் தட்டு ஆரம்பத்தில் கோரமாகக் கீறும். வேண்டாத கல் துண்டை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பழக்குங்கள்.

உறையூர் சாணை

கல் ஒட்டுவது: அரக்கு என்றால் கல்லையும் பித்தளைக் கம்பியையும் ஸ்பிரிட்டில் துடைத்து, இரண்டையும் சூடாக்க வேண்டும். கம்பி மட்டும் சூடாகி கல் குளிர்ந்திருந்தால் அரக்கு ஒட்டியது மாதிரி இருக்கும், முதல் அழுத்தத்தில் கல் பறக்கும். தண்ணீர் குறைத்து மெருகு போடும்போது சூட்டில் அரக்கு இளகிக் கல் அரை டிகிரி சாய்வதும் நடக்கும். பட்டைகள் திடீரென்று பொருந்தவில்லை என்றால் இன்டெக்ஸைச் சந்தேகிக்கும் முன் ஒட்டைப் பாருங்கள். இரண்டு பசை கலக்கும் எபாக்ஸி இன்னும் உறுதி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். ஐந்து நிமிட ரகம் சூடு தாங்காது. கழற்ற கம்பியை மட்டும் சூடாக்குங்கள், தீயைக் கல்லில் காட்டாதீர்கள்.

மெருகுத் தட்டுக்கு போர்டு எழுதும் கடையில் 10 மி.மீ. காஸ்ட் அக்ரிலிக்கை 6 இன்ச் வட்டமாக வெட்டித் தருவார்கள். பிளேடால் மேலோட்டமாகக் கோடு இழுத்து, சீரியத்தைப் பால் பதத்தில் தடவினால் ஸ்படிகத்தில் மெருகு நன்றாக ஏறும். காய விட்டால் கட்டி தட்டிக் கீறும்.

இங்கே திருச்சியில் பட்டறைகள் தீட்டும் செயற்கைக் கல்லான சிர்கோனியாவுக்கு இந்த அக்ரிலிக்கும் சீரியமும் சரிப்படாது. வெள்ளீயமான டின் தட்டில் 50,000 வைரப் பொடி, அதாவது அரை மைக்ரான், இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தடவிய பிறகு டிஷ்யூவால் துடைத்துவிட வேண்டும், ஈரமாகத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம்.

ஸ்படிகம்96

மெருகில் கோளாறு வந்தால் 10எக்ஸ் லென்ஸில் பாருங்கள், கல்லே சொல்லும். பட்டை முழுக்க மெல்லிய புகை: முந்தைய தட்டின் குழி மிச்சம். இன்னும் அரை மணி மெருகு போடுவதில் பயனில்லை, 3000-க்குத் திரும்புங்கள். திடீரென்று ஒற்றை ஆழக் கோடு: தட்டில் பெரிய துகள் புகுந்துவிட்டது, அல்லது கல்லின் ஓரம் உதிர்ந்து மாட்டியிருக்கிறது. பட்டையின் மேலோ கீழோ மட்டும் பளபளப்பு: கோணம் 0.1° மாற்றுங்கள். இடமோ வலமோ மட்டும் என்றால் கோணத்தைத் தொடாதீர்கள், இன்டெக்ஸின் நுண்திருகைத் திருப்புங்கள்.

துகள் கலப்பதுதான் வீட்டில் ஓட்டுபவர்களின் நிரந்தர எதிரி. ஒவ்வொரு தட்டும் தனி ஜிப் கவரில். 260-லிருந்து 3000-க்குப் போகும்போது டப், கல், கம்பி, கை, நகக்கண் எல்லாம் பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு. துடைக்கும் துணியும் தனித்தனி.

காங்கேயம் கல்

எங்கள் பக்கத்து நிலாக்கல்லுக்கு இந்த மிஷினே வேண்டாம். அது குவிமாடமாகத் தீட்ட வேண்டிய கல், செங்குத்தாக நின்று சுழலும் சக்கரங்கள்தான் வசதி. கடினம் 6 முதல் 6.5, இரண்டு திசையில் பிளக்கும். 80 சக்கரத்தில் காட்டினால் அடுக்கடுக்காகப் பெயரும். 220-ல் தொடங்கி 600, 1200, 3000, பிறகு தோல் பேடில் 14,000 பேஸ்ட். முதலில் கல்லை நனைத்து ஒற்றை விளக்கின் கீழ் உருட்டிப் பார்த்து, ஒளி படலமாக மிதக்கும் தளத்துக்கு இணையாக அடிப்பாகத்தை வையுங்கள். பத்துப் பதினைந்து டிகிரி தவறினால் ஒளி நடுவை விட்டு ஓரத்துக்கு ஓடிவிடும், அதன்பின் எந்த மெருகும் அதை இழுத்து வராது.

இன்னொன்று, தூசு. தண்ணீர் இருக்கும்வரை பயம் குறைவு, காய்ந்த சேறுதான் ஆபத்து. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தீட்டுபவர்களிடம் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது கல் தூசால்தான். ஸ்படிகமும் அதே சிலிக்கா. டப்பைக் காயவிட்டு விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சேற்றுத் தண்ணீரை சிங்கில் ஊற்றினால் வளைவில் சிமென்ட் போல இறுகும். வாளியில் ஒரு நாள் தெளியவைத்து மேல்தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள், அடியில் நின்றதை ஈரமாகவே கவரில் கட்டிக் குப்பைக்கு.